வெள்ளை ஒளி முப்பட்டகத்தில் பிரிகிறது, ஜன்னல் கண்ணாடியில் ஏன் பிரிவதில்லை?

கேள்வி இதுதான்: முப்பட்டகமும் கண்ணாடிதான், ஜன்னலில் இருப்பதும் கண்ணாடிதான். அப்படியிருக்க ஒன்றில் நுழையும் வெயில் வண்ணப்பட்டையாக வெளியே வருகிறது, இன்னொன்றில் நுழைந்தது வெள்ளையாகவே வருகிறதே, ஏன்? அந்த நிறங்கள் ஒளிக்குள் முன்பே இருந்தனவா, இல்லை கண்ணாடி கொடுத்தவையா?

சுருக்கமாகச் சொன்னால், நிறங்கள் முன்பே இருந்தன. கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் சற்று வேறான வேகத்தில் போகிறது, அதனால் வேறான அளவு வளைகிறது. ஜன்னலிலும் இதேதான் நடக்கிறது, ஆனால் ஒளி வெளியேறும் பக்கம் அந்த வளைவைத் திரும்ப நேராக்கிவிடுகிறது. இவ்வளவு பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். ஏன் வேறான வேகம் என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விஷயத்தின் ருசியே அங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலானோர் நம்பியது, ஒளியும் இருளும் கலப்பதால்தான் நிறம் வருகிறது என்று. வெள்ளை ஒளி தூய்மையானது, ஏதோ ஒரு பொருள் வழியாகப் போகும்போது அது கெடுகிறது, கொஞ்சம் கெட்டால் சிவப்பு, நிறையக் கெட்டால் நீலம், ஊதா. இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. முப்பட்டகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: மெல்லிய முனைப் பக்கம் சிவப்பு விழுகிறது, தடித்த அடிப் பக்கம் ஊதா விழுகிறது. அதிகக் கண்ணாடியைக் கடந்த ஒளி அதிகம் கெட்டது என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளத்தான் செய்வார்கள்.

நியூட்டன் இதை உடைத்த விதம் எனக்கு இன்றும் பிரமிப்பு தருவது. மற்றவர்கள் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வடிவத்தை அளந்தார். அறையை இருட்டாக்கி, ஜன்னல் பலகையில் கால் அங்குல ஓட்டை போட்டு, அதன் வழியாக வரும் வெயிலை முப்பட்டகத்தில் விழவைத்து, 22 அடி தூரத்தில் இருந்த சுவரில் என்ன விழுகிறது என்று பார்த்தார். அந்த 22 அடிதான் முக்கியம். திரையை முப்பட்டகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தால் ஓரத்தில் கொஞ்சம் நிறம் தெரியும், அவ்வளவுதான். தூரத்தில் வைத்தால்தான் சிறிய கோண வித்தியாசமும் பெரிதாக விரியும். சின்ன ஓட்டை வழியாக வரும் வெயில் சுவரில் சூரியனின் வட்ட வடிவத்தைத்தான் போட வேண்டும். ஒளி நுழையும் கோணமும் வெளியேறும் கோணமும் சமமாக இருக்கும்படி முப்பட்டகத்தைத் திருப்பி வைத்தால், அன்றைக்குத் தெரிந்திருந்த ஒளிவிலகல் விதிப்படி, வளைந்த பிறகும் அது வட்டமாகவே விழ வேண்டும். ஆனால் சுவரில் விழுந்தது சுமார் 34 சென்டிமீட்டர் நீளமும் 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்ட நீண்ட பட்டை. அகலம் சூரியனின் அளவுக்குச் சரியாகப் பொருந்தியது, நீளம் மட்டும் ஐந்து மடங்கு. எல்லா ஒளியும் ஒரே அளவு வளைந்தால் இப்படி வரவே வராது. ஆக, ஒரே ஒளிக்கற்றைக்குள் வெவ்வேறு அளவு வளையும் கதிர்கள் இருந்திருக்க வேண்டும்.

1672-ல் வெளியான கட்டுரையில் அவர் அடுத்த படியையும் சொல்கிறார். பிரிந்த பட்டையிலிருந்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் இன்னொரு சிறிய ஓட்டை வழியாக விட்டு, இரண்டாவது முப்பட்டகத்தில் செலுத்துகிறார். கண்ணாடி ஒளியைக் கெடுத்து நிறம் தருகிறது என்றால், இரண்டாவது கண்ணாடி அதை மேலும் கெடுக்க வேண்டும், சிவப்பு மஞ்சளாகவோ நீலமாகவோ மாற வேண்டும். மாறவில்லை. சிவப்பு சிவப்பாகவே வந்தது, முதல் முப்பட்டகத்தில் குறைவாக வளைந்ததைப் போலவே இரண்டாவதிலும் குறைவாக வளைந்தது. நீலம் இரண்டிலும் அதிகமாக வளைந்தது. ஆக, எவ்வளவு வளைவது என்பது அந்தக் கதிரோடு பிறந்த குணம், கண்ணாடி கொடுத்ததல்ல.

அப்புறம் பிரிந்தவற்றை ஒரு குவிலென்ஸால் திரும்பச் சேர்த்தார், வெள்ளை வந்தது. 1704-ல் வந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் இதிலேயே ஒரு அழகான சோதனை இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் ஒரு சீப்பை வைத்து மெதுவாக நகர்த்தினால், பற்கள் ஒவ்வொரு நிறமாகத் தடுப்பதால் திரையில் நிறங்கள் மாறி மாறி வரும். வேகமாக நகர்த்தினால் கண் அவற்றைப் பிரித்தறிய முடியாமல் வெள்ளையாகவே காண்கிறது. நிறங்கள் ஒளிக்குள் இருந்தவைதான் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்பது என் எண்ணம்.

சரி, ஏன் வளைகிறது?

வெற்றிடத்தில் எல்லா நிறத்துக்கும் ஒரே வேகம்தான், நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர். அங்கே சிவப்புக்கும் ஊதாவுக்கும் வேக வித்தியாசம் இருந்தால், வியாழனின் நிலா ஒன்று அதன் நிழலுக்குள் போய் மறையும்போதும் மீண்டும் வெளியே வரும்போதும் நிறம் மாறித் தெரிய வேண்டும், ஏனென்றால் வேகமான நிறம் முதலில் நம்மிடம் வந்து சேரும். அப்படி எதுவும் தெரிவதில்லை. பிரச்சினை பொருளுக்குள் நுழையும்போதுதான் ஆரம்பிக்கிறது. ஜன்னல்களிலும் லென்ஸ்களிலும் வரும் வகையைச் சேர்ந்த கிரவுன் கண்ணாடியில் சிவப்பு நொடிக்குச் சுமார் 1,98,100 கிலோமீட்டர் போகிறது, ஊதா சுமார் 1,95,800 கிலோமீட்டர். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நாம் பார்க்கும் வண்ணப்பட்டை முழுவதும் இந்த ஒரு சதவீதத்திலிருந்து வருவது.

வேகம் குறைந்தால் ஏன் திரும்ப வேண்டும்? கைகோத்துக்கொண்டு ஒரே வரிசையில் நடந்துவரும் கூட்டம் ஒன்று கெட்டித் தரையிலிருந்து சேற்றுக்குள் சாய்வாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சேற்றில் கால்வைத்தவர் மெதுவாகிவிடுகிறார், மறுமுனையில் இருப்பவர் இன்னும் பழைய வேகத்தில் வருகிறார், வரிசை தானாகவே திரும்பிவிடும். சேறு எவ்வளவு மெதுவாக்குகிறதோ அவ்வளவு அதிகமாகத் திரும்பும். நேராக, செங்குத்தாக இறங்கினால் எல்லோரும் ஒரே சமயத்தில் மெதுவாவார்கள், திருப்பம் இருக்காது. ஒளி அலைக்கும் இதே கணக்குதான்.

இப்போது அந்தச் சேறு ஏன் ஊதாவுக்கு அதிகம், சிவப்புக்குக் குறைவு என்பதுதான் கேள்வியின் மையம்.

ஒளி என்பது மின்புலம் முன்னும் பின்னும் அதிரும் அலை. சிவப்பில் அது நொடிக்குச் சுமார் 430 லட்சம் கோடி தடவை அதிர்கிறது, ஊதாவில் சுமார் 750 லட்சம் கோடி தடவை. கண்ணாடிக்குள் இருக்கும் அணுக்களின் எலக்ட்ரான்கள் அணுக்கருவோடு ஸ்பிரிங் போட்டுக் கட்டியதுபோல இருக்கின்றன. ஒளியின் மின்புலம் அவற்றைப் பிடித்து ஆட்டுகிறது, ஆடும் எலக்ட்ரான் தானும் அதே தாளத்தில் ஒரு சிறிய அலையை வெளியே விடுகிறது. கண்ணாடிக்குள் போகும் ஒளி என்று நாம் சொல்வது, உள்ளே வந்த அலையும் கோடானுகோடி எலக்ட்ரான்கள் விட்ட அலைகளும் சேர்ந்த கூட்டு அலை. எலக்ட்ரான்கள் விட்ட அலை மூல அலையோடு சேரும்போது சற்றுப் பின்தங்கிச் சேர்கிறது, அதனால் கூட்டு அலையின் முகடுகள் வெற்றிடத்தில் இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் விழுகின்றன. இதைத்தான் 'கண்ணாடியில் ஒளி மெதுவாகப் போகிறது' என்கிறோம்.

எந்த ஸ்பிரிங்குக்கும், எந்த ஊஞ்சலுக்கும், தனக்கென்று ஒரு இயல்பான தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்கு நெருக்கமாகத் தள்ளினால் ஊஞ்சல் பெரிதாக ஆடும், ரொம்ப மெதுவான தாளத்தில் தள்ளினால் ஏதோ கொஞ்சம் அசையும். கண்ணாடியில் உள்ள எலக்ட்ரான்களின் இயல்பான தாளம் புற ஊதாப் பகுதியில் இருக்கிறது, அதாவது நாம் காணும் எல்லா நிறத்தைவிடவும் வேகமான தாளம். காணும் நிறங்களில் அதற்கு மிக நெருக்கமானது ஊதா, மிகத் தூரத்தில் இருப்பது சிவப்பு. ஆகவே ஊதா எலக்ட்ரான்களைப் பெரிதாக ஆட்டுகிறது, அவை விடும் அலையும் பெரிது, பின்தங்கலும் பெரிது, வளைவும் பெரிது. சிவப்பு கொஞ்சம்தான் ஆட்டுகிறது, கொஞ்சம்தான் தாமதமாகிறது. இவ்வளவுதான் நிறப்பிரிகை. சாதாரணக் கண்ணாடி குறுகிய புற ஊதாக் கதிர்களை உள்ளே விடாமல் விழுங்குவதற்கும் இதே தாளம்தான் காரணம். அங்கே எலக்ட்ரான்களின் இயல்பான தாளமும் ஒளியின் தாளமும் பொருந்திவிடுவதால், ஆற்றல் எலக்ட்ரான்களிடமே போய்விடுகிறது. கண்ணாடி புற ஊதாவைத் தடுப்பதும் வானவில் நிறங்களைப் பிரிப்பதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குப் புரிந்த நாளில்தான் இந்தப் பாடம் எனக்கு மனப்பாடமாக இல்லாமல் போனது.

இங்கே இரண்டு தவறான விளக்கங்கள் நிறையச் சுற்றுகின்றன, அவற்றை விட்டுவிடுங்கள். ஒன்று, ஒளியை ஒவ்வோர் அணுவும் விழுங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்ப விடுகிறது என்பது. அப்படி நடந்தால் திரும்ப வரும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறும், கண்ணாடி வழியாக எதையும் தெளிவாகப் பார்க்கவே முடியாது. இன்னொன்று, ஊதாவுக்கு ஆற்றல் அதிகம், அதனால் அதிகம் வளைகிறது என்பது. ஆற்றல்தான் காரணம் என்றால் எல்லாப் பொருளிலும் ஊதாதான் அதிகம் வளைய வேண்டும். 1862-ல் லே ரூ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் அயோடின் ஆவி நிரப்பிய முப்பட்டகத்தில் சிவப்பு அதிகமாகவும் ஊதா குறைவாகவும் வளைவதைக் கண்டார். அயோடினின் தாளம் காணும் ஒளியின் நடுவிலேயே இருக்கிறது. சிவப்பு அந்தத் தாளத்துக்கு ஒரு பக்கம், ஊதா மறுபக்கம், ஆகவே வரிசை தலைகீழாகிறது. எந்த நிறம் அதிகம் வளையும் என்பதைப் பொருளின் தாளம்தான் முடிவு செய்கிறது.

கண்ணாடிக்குள் போகும்போது அலைநீளம் சுருங்கும். வெளியே 700 நானோமீட்டராக இருந்த சிவப்பு உள்ளே சுமார் 463 ஆகிவிடுகிறது. வெளியில் 463 என்றால் அது நீலம். ஆனாலும் உள்ளே இருக்கும் சிவப்பு நீலமாகிவிடவில்லை, ஏனென்றால் அதிர்வெண் மாறவில்லை. நிறத்தின் அடையாளம் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது.

இனி ஜன்னல். ஜன்னல் கண்ணாடியின் இரண்டு முகங்களும் இணையானவை. முதல் முகத்தில் ஊதா அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் வளைகின்றன, பிரிந்தேதான் உள்ளே போகின்றன. இரண்டாவது முகத்தில் எது அதிகம் வளைந்ததோ அது அதே அளவு அதிகமாகத் திரும்பி நேராகிறது. எல்லா நிறமும் நுழைந்த திசையிலேயே, ஒன்றுக்கொன்று இணையாக வெளியே வருகின்றன. மிச்சம் இருப்பது பக்கவாட்டில் ஒரு சிறு நகர்வு மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடியில் ஒளி 45 டிகிரி சாய்வில் விழுந்தால், சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே வரும் விலகல் சுமார் 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. எவ்வளவு தூரம் போனாலும் அது 0.03 ஆகவே இருக்கும், விரியாது. முப்பட்டகத்தில் இரண்டு முகங்களும் சாய்ந்திருப்பதால் இரண்டாவது முகம் முதல் வளைவைத் திருத்துவதற்குப் பதிலாக அதே பக்கமாக இன்னும் வளைக்கிறது. கோணமே வேறாகிவிட்டதால் தூரம் போகப்போகப் பிரிவு அகலமாகிறது. 60 டிகிரி கிரவுன் கண்ணாடி முப்பட்டகத்தில் எல்லா நிறமும் சுமார் 38 முதல் 40 டிகிரி வரை திரும்புகிறது, சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையே வித்தியாசம் வெறும் ஒன்றரை டிகிரி. மூன்று மீட்டர் தள்ளிப் பார்த்தால் எட்டு சென்டிமீட்டர்.

ஆனால் ஜன்னல் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. புத்தகப் படங்களில் ஒரு மெல்லிய கோடு முப்பட்டகத்தில் நுழைந்து விசிறிபோல விரியும். நிஜத்தில் அகலமான வெள்ளைக் கற்றையை முப்பட்டகத்தில் விட்டால் நடுப்பகுதி வெள்ளையாகவே வரும்! கவிஞர் கோத்தே ஒரு முப்பட்டகத்தைக் கண்ணில் வைத்து வெள்ளைச் சுவரைப் பார்த்தார், சுவர் முழுக்க நிறம் தெரியும் என்று எதிர்பார்த்தார், வெள்ளைதான் தெரிந்தது, இருளும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்புகளில் மட்டும் நிறம் இருந்தது. நியூட்டன் தவறு என்று உடனே முடிவுகட்டி, 1810-ல் நிறங்களைப் பற்றித் தனியாகப் பெரிய நூலே எழுதினார். பார்த்தது சரி, எடுத்த முடிவுதான் தவறு. அகலமான கற்றையை, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய ஆயிரம் மெல்லிய கற்றைகள் என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வண்ணப்பட்டை போடுகிறது, ஒவ்வொரு பட்டையும் பக்கத்துப் பட்டைக்குச் சற்றுத் தள்ளி விழுகிறது. நடுவில் எந்த இடத்தை எடுத்தாலும் ஒன்றின் சிவப்பும் இன்னொன்றின் பச்சையும் மற்றொன்றின் ஊதாவும் அங்கேயே விழுந்து திரும்ப வெள்ளையாகிவிடுகின்றன. ஓரங்களில் மட்டும் சேர்வதற்கு ஆள் இல்லை, அதனால் ஒரு ஓரத்தில் சிவப்பும் மஞ்சளும், மறு ஓரத்தில் நீலமும் ஊதாவும் எஞ்சி நிற்கின்றன. கற்றை அகலமாக இருக்கும்வரை பச்சை எங்குமே தெரியாது. கற்றையைக் குறுக்கிக்கொண்டே போனால் இரண்டு ஓரங்களும் நெருங்கி, மஞ்சளும் நீலமும் தொடும் இடத்தில் பச்சை தோன்றும். முப்பட்டகம் வாங்கி வெயிலில் வைத்தும் ஒழுங்காக நிறம் வரவில்லை என்று சலித்துக்கொள்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: முப்பட்டகத்தில் குறையில்லை, முன்னால் ஒரு அட்டையில் மெல்லிய பிளவு வெட்டி வையுங்கள்.

பிளவு என்றதும் அறிவியல் வரலாற்றில் அது செய்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வட்ட ஓட்டையில் ஒரு குறை உண்டு. சூரியனே வானத்தில் அரை டிகிரி அகலம், நிறங்களின் மொத்த விரிவோ ஓரிரு டிகிரி, ஆகவே பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. 1802-ல் வொல்லஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஓட்டைக்குப் பதிலாக மெல்லிய பிளவை வைத்துப் பார்த்தார், சூரிய நிறமாலையில், அதாவது வெயில் பிரிந்த வண்ணப்பட்டையில், சில கருங்கோடுகள் தெரிந்தன. அவற்றை நிறங்களின் எல்லைக்கோடுகள் என்று நினைத்து விட்டுவிட்டார். 1814-ல் ஜெர்மன் லென்ஸ் வல்லுநர் பிரான்ஹோபர் நல்ல கண்ணாடியும் தொலைநோக்கியும் வைத்து ஐநூறுக்கும் மேற்பட்ட கோடுகளைக் குறித்தார். 1859-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கிர்க்காபும் பன்சனும் அந்தக் கோடுகளைப் படிக்கக் கற்றார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகைபோல தனக்கென்று சில கோடுகள். சூரியனின் வெளி அடுக்கில் இருக்கும் சோடியம் 589 நானோமீட்டர் மஞ்சளை விழுங்குகிறது, அங்கே கருங்கோடு விழுகிறது. 1868-ஆம் ஆண்டின் முழு சூரிய கிரகணத்தையொட்டி, சூரியனைச் சுற்றியுள்ள வாயுவின் ஒளியில் சோடியத்தோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதுதான் ஹீலியம். பூமியில் அது கைக்கு அகப்பட்டது 1895-ல். யாரும் போக முடியாத இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு பிளவும் சொல்லிவிட்டன.

ஏழு நிறம் என்பதைப் பற்றியும் கேட்பார்கள். விப்ஜியார் என்று மனப்பாடம் செய்த அந்த ஏழுக்கு இயற்பியலில் எந்த அடிப்படையும் இல்லை. நிறமாலை தொடர்ச்சியானது, எங்கும் வேலி கிடையாது. நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களைத்தான் சொன்னார், பிறகு இசையின் ஏழு சுர இடைவெளிகளோடு பொருத்திப்பார்க்க ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்தார். நிறமாலை நம் கண் நிற்கும் இடத்தில் நிற்பதும் இல்லை. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், சூடு ஏறியது. அடுத்த ஆண்டே ரிட்டர் ஊதாவுக்கு வெளியே வைத்த வெள்ளிக் குளோரைடு கருத்துப்போவதைக் கண்டார். அகச்சிவப்பும் புற ஊதாவும் இப்படித்தான் பிடிபட்டன.

முப்பட்டகம் ஒன்றுதான் வழி என்றும் நினைக்க வேண்டாம். வானவில்லில் நீர்த்துளி இதே வேலையைச் செய்கிறது, துளிக்குள் நுழையும்போது ஒருமுறை, பின்சுவரில் மோதித் திரும்பி வெளியேறும்போது ஒருமுறை. சிவப்பு சுமார் 42 டிகிரியிலும் ஊதா சுமார் 40 டிகிரியிலும் நம்மை வந்தடைகின்றன. சிடியின் பின்பக்கம் தெரியும் நிறங்களோ முற்றிலும் வேறு வழியில் வருபவை. அதில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருக்கமான தடங்கள் இருக்கின்றன. அடுத்தடுத்த தடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் எந்தத் திசையில் ஒன்றோடொன்று முகட்டுக்கு முகடு பொருந்துகின்றனவோ அந்தத் திசையில் மட்டும் அந்த நிறம் பலமாகத் தெரியும். நீண்ட அலைக்குப் பெரிய கோணம் வேண்டும், ஆகவே இங்கே அதிகம் விலகுவது சிவப்பு. ஒளி செங்குத்தாக விழுந்தால் ஊதா சுமார் 14 டிகிரியில், சிவப்பு சுமார் 26 டிகிரியில். முப்பட்டகம் தந்த ஒன்றரை டிகிரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்று பெரும்பாலான நிறமாலைக் கருவிகளுக்குள் முப்பட்டகம் இல்லாமல் நுண்ணிய கோடுகள் கீறிய தகடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேமரா, தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு நிறப்பிரிகை ஒரு தொல்லை. லென்ஸின் ஓரமும் ஒருவகையில் முப்பட்டகம்தானே, நீலம் ஓரிடத்திலும் சிவப்பு வேறிடத்திலும் குவிந்து, பொருளைச் சுற்றி ஊதா ஓரம் கட்டும். இதைத் திருத்தவே முடியாது என்று நியூட்டன் முடிவுசெய்து, 1668-ல் லென்ஸுக்குப் பதில் ஆடி வைத்த தொலைநோக்கியைச் செய்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கணிப்பு பிசகியது. எல்லாக் கண்ணாடியும் வளைக்கும் விகிதத்திலேயே பிரிக்கவும் செய்யும் என்று அவர் எண்ணினார். உண்மையில் ஈயம் கலந்த கனமான வகையான பிளின்ட் கண்ணாடி ஒன்று கிரவுன் கண்ணாடியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வளைத்தால், மூன்று மடங்கு பிரிக்கிறது. கிரவுனில் வலுவான குவிலென்ஸும் பிளின்டில் மெலிதான குழிலென்ஸும் செய்து ஒட்டினால், பிரிவு ஒன்றையொன்று அடித்துவிடும், குவிக்கும் திறன் மிச்சம் இருக்கும். ஜான் டாலண்ட் 1758-ல் இதைச் செய்து காட்டினார்.

வெள்ளை என்றால் எல்லா நிறமும் சேர்ந்தது என்று எப்போதும் சொல்ல முடியாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வெயிலைப் பிரித்தால் சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளி இல்லாமல் விரியும் (கருங்கோடுகளைத் தவிர). வெள்ளை எல்இடி விளக்கைப் பிரித்தால் 450 நானோமீட்டருக்குப் பக்கத்தில் கூர்மையான நீலம், அதற்கு அடுத்து ஒரு பள்ளம், பிறகு அகலமான மஞ்சள் மேடு. போன் திரையின் வெள்ளையைப் பிரித்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மேடுகள். மூன்றும் கண்ணுக்கு ஒரே வெள்ளைதான், ஏனென்றால் நிறம் அறிய நம் கண்ணில் இருப்பது மூன்று வகைக் கூம்புசெல்கள், அந்த மூன்றும் ஒரே விகிதத்தில் தூண்டப்பட்டால் மூளைக்கு வித்தியாசம் தெரியாது. முப்பட்டகம் ஏமாறாது. பெயின்ட்களைக் கலந்தால் வெள்ளை வராமல் அழுக்குப் பழுப்பு வருவது ஏன் என்ற கேள்விக்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது: ஒளியைச் சேர்த்தால் கூட்டல், பெயின்ட் ஒவ்வொன்றும் சில நிறங்களை விழுங்குவதால் அது கழித்தல்.

வீட்டில் செய்துபார்க்க முப்பட்டகம்கூடத் தேவையில்லை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்வாக மூழ்கவைத்து, வெயில் அதன்மேல் விழும்படி வையுங்கள். நீரின் மேற்பரப்புக்கும் சாய்ந்த கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் நீர் ஆப்பு வடிவத்தில் இருப்பதால் அதுவே முப்பட்டகமாகிவிடும். திரும்பி வரும் ஒளியை ஒரு வெள்ளைத் தாளிலோ எதிர்ச் சுவரிலோ பிடியுங்கள், கையை அசைக்காமல் நீர் அடங்கும்வரை காத்திருங்கள். அந்தக் கண்ணாடிக்குள் சூரியனை மட்டும் நேராகப் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

முப்பட்டகம் கிடைத்தால் இன்னொன்றும் செய்யுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கருப்புத் தாளில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, பக்கத்தில் வெள்ளைத் தாளில் அதே அகலத்தில் கருப்புக் கோடு ஒன்று. இரண்டையும் முப்பட்டகம் வழியாகப் பாருங்கள். வெள்ளைக் கோடு நமக்குப் பழகிய வண்ணப்பட்டையாகத் தெரியும், நடுவில் பச்சை. கருப்புக் கோட்டைச் சுற்றி வேறு வரிசை: ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெளிர் பச்சைநீலம், நடுவில் பளிச்சென்று மெஜந்தா. கோட்டின் ஒரு பக்கத்து வெள்ளையிலிருந்து கசிந்த சிவப்பும், மறுபக்கத்து வெள்ளையிலிருந்து கசிந்த ஊதாவும் கருப்புக்கு மேல் வந்து சந்திப்பதால் வருவது அது. நியூட்டனின் பட்டையில் எங்கு தேடினாலும் மெஜந்தா கிடைக்காது, அதற்கென்று தனி அலைநீளம் எதுவும் இல்லை.